இரத்த உறவில் ஒருவர்

நீதிபதி மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து உள்ளே போனதும் கோர்ட்டு வராந்தாவில் நின்ற கூட்டம் கலைந்து வேப்பமரத்தடிக்கும் டீக்கடைக்குமாகப் போய்விட்டது. தவமணி மட்டும் எழுந்திருக்கவில்லை. எழுந்து போன நேரத்தில் ஜெயக்கொடி வந்து தேடிவிட்டுப் போய்விட்டால். தேடுகிறவளா அவள். வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பாள், ஆளைக் காணோமென்றால் வந்த வழியே திரும்பிவிடுவாள். வந்தால்தானே அதுவும். காலையிலிருந்து மனம் அந்த ‘வந்தால்’ என்கிற சொல்லிலேயே தட்டித் தட்டி நின்றது. வக்கீல் மெர்லின் சாப்பிடப் போகும்போது அவளுக்காகக் கொஞ்சம் நின்று, குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். “ஜட்ஜம்மா மறுபடி பெஞ்சுல உக்காந்து எந்திரிக்கிறதுக்குள்ள ரெண்டு ஜாமீன்தாரரும் முன்னாடி நிக்கணும். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. விட்டா திங்கள்தான். அதுவரைக்கும் அவர் உள்ளதான் இருக்கணும், பெயில் கிடைச்சும்.” பெயில் கிடைத்தும் உள்ளே இருப்பது என்றால் என்ன என்று அவளுக்கு நேற்றுவரை தெரியாது. பெரிய கோர்ட்டில் ஜாமீன் கொடுத்துவிட்டார்கள் என்றதும் நேற்று அவள் மெர்லினின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கதவு திறந்துவிட்டது, ஆள் வந்துவிடுவார், ராத்திரிக்கு இட்லி ஊற்றலாம் என்று நினைத்தாள். அப்புறம்தான் தெரிந்தது, ஒரு கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு இருக்கிறது, அதற்குச் சாவி வேறு ஆளிடம் இருக்கிறது என்று. இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், அதில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும். “நான் நிக்கிறேன் மேடம்” என்று முந்திக்கொண்டு சொன்னாள். மெர்லின் சிரிக்கவில்லை. “மனைவி இரத்த உறவுல வராதும்மா. இங்க ஏத்துக்க மாட்டாங்க.” சரி, சட்டம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அது உள்ளே போய் முள்போலக் குத்திக்கொண்டு நின்றது. கட்டட வேலையில் புருஷன் சீனிராஜின் காலில் செங்கல் விழுந்தபோது அந்த இரத்தத்தை யார் துடைத்தது. பிள்ளை தங்காமல் இரண்டு தடவை போனபோது அந்த இரத்தம் யாருடையது. அதெல்லாம் உறவில் வராது போலிருக்கிறது. உறவில் வருகிறவள் ஒரே ஒருத்திதான், அவருடைய தங்கை ஜெயக்கொடி. அவள் இவர்களோடு பேசுவதில்லை.

தூணுக்கு அந்தப்பக்கம் சவரிமுத்து அண்ணன் கால்களை நீட்டி, வேட்டியை முழங்கால் வரைக்கும் ஏற்றிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர்கள் தெருவில் பட்டா வைத்திருக்கிற வீடு அவருடையது ஒன்றுதான், மற்றதெல்லாம் புறம்போக்கு. ஜாமீனுக்கு ஆள் வேண்டும் என்று மெர்லின் கேட்டபோது தெருவே திரண்டு வந்து “நான் போடுறேன், நான் போடுறேன்” என்றது, ஒருத்தரிடமும் வீட்டு வரி ரசீது கிடையாது. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். “என்னம்மா தவமணி, பச்சத் தண்ணிகூடக் குடிக்காம உக்காந்துருக்க? தண்ணிக்காகத்தான உம்புருசன் உள்ள போயிருக்கான், நீ குடிக்காட்டி அவனுக்குத்தான் அவமானம்” என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த இடத்தில் சிரிக்கலாமா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். இந்த மனிதருக்கு எதற்கு இந்த அலைச்சல். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார், மூட்டுவலிக்காரர், ஒரு தடவைகூட நேரமாகிறது என்று சொல்லவில்லை. இவருக்கு என்ன செய்வது. வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால் பாத்திரம் கழுவிக் கொடுக்கலாம். அது ஒரு கைம்மாறா. “நீங்க நல்லா இருக்கணும் அண்ணே” என்றாள். “நான் நல்லாத்தான் இருக்கேன். மொதல்ல அந்தப் பொம்பள வரட்டும்” என்றார் அவர். வரட்டும். வருவாள். வரமாட்டாள். நேற்று சாயங்காலம் இவள் போய் அவள் வீட்டு வாசலில் நின்றபோது அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. இவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெயில் கிடைத்தது, இரத்த உறவு ஒருவர் வேண்டும், மனைவி ஆகாதாம், நாளைக்கு விட்டால் திங்கள்கிழமை. முறம் ஒரு தாளத்தில் போய்க்கொண்டே இருந்தது, தொலி பறந்து இவள் சேலையில் ஒட்டியது. எல்லாம் முடிந்த பிறகு ஜெயக்கொடி முறத்தை நிறுத்தி, “எந்தக் கோர்ட்டு?” என்று கேட்டாள். இவள் சொன்னாள். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். வராதவள் எதற்காக எந்தக் கோர்ட்டு என்று கேட்க வேண்டும். அதை நினைத்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். ஆனால் வராதவளும் கேட்கலாம். வாசலில் நிற்கிற ஆளை அனுப்ப ஏதாவது ஒன்று கேட்க வேண்டியிருக்கிறதே. கடைக்கு வந்து விலை கேட்கிறவர்கள் எல்லாம் வாங்கவா செய்கிறார்கள். ராத்திரி முழுக்க இந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள், ஒரு தடவை இந்தப் பக்கம் விழுந்தது, ஒரு தடவை அந்தப் பக்கம்.

பொறுமையாக நினைத்துப் பார்த்தால் எல்லாம் அந்த மண்டபத்தில் நடந்த தவறுதான். தவறு என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்கள் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். குழாயில் தண்ணீர் வந்து பதினைந்து நாளைக்கு மேலாகிவிட்டது, மனு கொடுத்தாகிவிட்டது, போய்ச் சத்தம் போட்டாகிவிட்டது, மிச்சம் இருந்தது ரோடுதான். காலிக் குடங்களை வரிசையாக வைத்து மெயின் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போன தடவையும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். அப்போது போலீஸ் வந்து எல்லாரையும் கைது என்று சொல்லி வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனது. மண்டபத்தில் ஃபேன் ஓடியது, மதியம் தக்காளிச் சாதம் பொட்டலம் வந்தது, பெண்கள் மணமேடை ஓரத்தில் சாய்ந்து படுத்துக் குட்டித் தூக்கம் போட்டார்கள், பொழுது சாய்ந்ததும் விட்டுவிட்டார்கள். “யாருய்யா தலைமை?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு எழுந்து நின்ற மாரிக்கனியின் படம் மறுநாள் பேப்பரில் வந்தது. மூன்றாம் நாள் தண்ணீரும் வந்தது. கைது என்றால் தவமணிக்கும் அந்தத் தெருவுக்கும் அதுதான். தக்காளிச் சாதம் சாப்பிடுகிற இடம். அதனால்தான் இந்தத் தடவை மண்டபத்தில் அதே கேள்வி வந்தபோது சீனிராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். மாரிக்கனியும் எழுந்தான். “ஒந்தடவ முடிஞ்சு போச்சு, உக்காருடா” என்று இவர் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, “நான்தான்யா” என்றார். பெண்கள் கைதட்டினார்கள். தவமணியும் தட்டினாள். நினைக்க நினைக்க உள்ளங்கை எரிகிறது. ரோட்டில் பின்பக்கம் நின்ற ஒரு பஸ்ஸின் கண்ணாடியை எவனோ உடைத்திருக்கிறான் என்றும், டிரைவருக்குக் கை கிழிந்துவிட்டது என்றும், பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினால் அதற்குச் சட்டம் வேறு என்றும் மண்டபத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. பொழுது சாய்ந்தது. எல்லாரையும் போகச் சொன்னார்கள். “நீங்க மட்டும் இருங்க” என்றார்கள் சீனிராஜிடம். அவர் அப்போதும் ஒன்றும் புரியாமல், “நீ போயி அடுப்பப் பத்த வை, ஒரு கையெழுத்துதானாம், வந்துருதேன்” என்றார். இவளும் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் ஒவ்வொரு சொல்லாகத் தெரிந்துகொண்டாள். புது ஊருக்குக் குடிவந்தவள் எந்தத் தெரு எங்கே போகிறது என்று நடந்து நடந்து தெரிந்துகொள்வதுபோல. எஃப்.ஐ.ஆர். என்றால் வழக்குப் பிறந்த இடம். கைது செய்தால் ஒருநாளுக்குள் நீதிபதி முன்னால் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும், வைத்துக்கொள்ள முடியாது. அதற்கு முன்னால் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் உடம்பில் காயம் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். ரிமாண்டு என்றால் தண்டனை இல்லை. இதை மெர்லின் இரண்டு தடவை சொன்னார். தண்டனை இல்லையென்றால் எதற்கு உள்ளே வைக்கிறார்கள் என்று கேட்டதற்கு, “விசாரணை முடியிற வரைக்கும் காவல்ல வைக்கிறாங்க. அவர் குத்தவாளின்னு யாரும் இன்னும் சொல்லல. சொல்லவும் முடியாது” என்றார். இந்தக் கடைசி வார்த்தையைத் தவமணி முந்தானையில் முடிந்துவைப்பதுபோல மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள். தெருவில் யாராவது ஒருமாதிரி பார்த்தால் அவிழ்த்துப் பார்த்துக்கொள்வாள். யாரும் இன்னும் சொல்லவில்லை. ஆனால் இங்கே காகிதத்தில் அவரை எதிரி என்று எழுதுகிறார்கள். முதல் எதிரி சீனிராஜ். டவாலி அப்படிக் கூப்பிட்ட முதல்நாள் அவள் வேறு யாரையோ என்று சும்மா நின்றாள். எதிர்வீட்டுக்காரன் சுவரை ஒட்டி மண் கொட்டினால்கூடச் சண்டை போடத் தெரியாதவர். இதற்கெல்லாம் அர்த்தம் பார்க்கக்கூடாது போலிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டில் நோயாளி என்று போட்டிருப்பதுபோல, இதுவும் ஒரு பெயர்.

அன்றைக்கு ரிமாண்டுக்கு நிறுத்தியபோது அவளைக் கதவு வரைக்கும் விட்டது ஒரு பெண் போலீஸ். “எட்டிப் பாருங்க, அழுது சத்தம் போடாதீங்க” என்று சொல்லி, உடம்பை ஒதுக்கி வழிவிட்டது. பெயர்கூடத் தெரியாது, கன்னத்தில் மச்சம் இருந்தது. அது நன்றாக இருக்க வேண்டும், நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட வேண்டும். உள்ளே நீதிபதி, சின்ன வயசு அம்மா, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்துக் கேட்டார். “போலீஸ் அடிச்சாங்களா?” “இல்லம்மா.” “பயப்படாம சொல்லுங்க.” “டீ வாங்கிக் குடுத்தாங்கம்மா.” “எதுக்காகக் கைதுன்னு சொன்னாங்களா? வீட்டுக்குத் தெரியுமா?” “வீட்டுல அங்கதாம்மா நிக்குறா” என்று அவர் கதவைக் காட்டினார். நீதிபதி திரும்பிப் பார்த்தார். தவமணிக்குக் கைகால் ஓடவில்லை, கும்பிட்டுவிட்டாள். “வக்கீல் வச்சிருக்கீங்களா? இல்லைன்னா அரசாங்கமே இலவசமா வைக்கும்.” அவர் என்ன சொல்லப்போகிறார் என்று இவளுக்குத் தெரியும். இலவசம் என்று யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிப் பழகிய வாய். “வேண்டாம்மா, எதுக்கு உங்களுக்குச் சிரமம்” என்றார். கோர்ட்டில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. “இது சிரமம் இல்ல. உங்க உரிமை. நான் போடுறேன்” என்று எழுதினார். அப்படி எழுதி வந்தவர்தான் மெர்லின். கடைசியாக, “வேற ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டதற்கு அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “தண்ணி வரலம்மா” என்றார். “அது இந்தக் கோர்ட்டுல வராதுங்க” என்று நீதிபதி சொன்ன விதத்தில் ஒரு வருத்தம் இருந்தது என்று இவளுக்குத் தோன்றியது. இல்லாமலும் இருக்கலாம். பதினைந்து நாள் காவல் என்று சொல்லிவிட்டு, போகிற ஆளை நிறுத்தி, “மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று கேட்டார். சர்க்கரை மாத்திரை என்றதும் ஜெயிலில் அதைக் கொடுக்க வேண்டும் என்று அதையும் எழுதினார். உள்ளே அனுப்புகிற கையே மாத்திரையையும் எழுதியது. வீட்டுக்கு வந்து அதை நினைத்துத்தான் அவள் அழுதாள், உள்ளே போட்டதை நினைத்து அல்ல. ஒருவேளை தனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்றும் நினைத்தாள். கட்டினவனை ஜெயிலுக்கு அனுப்பியவர்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு அலைகிறோம். மெர்லின்கூட ஒருநாள் அலுத்துக்கொண்டார். “எல்லாத்துக்கும் நன்றி சொல்லாதீங்கம்மா. இதெல்லாம் அவங்க செஞ்சாகவேண்டியது.” இருக்கலாம். செய்தாக வேண்டியதைச் செய்யாமல் இருக்கிறவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள். குழாய்க்காக எத்தனை மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறாள். செய்தாக வேண்டியதைச் செய்கிற ஒரு முகத்தைப் பார்த்தால் கை தானாகக் குவிகிறது, அதற்கு அவள் என்ன செய்வாள். அந்த பஸ் டிரைவர், அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது. கையில் தையல் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர், கல்லெறிந்த ஆளைப் பார்க்கவில்லை, முன்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று போலீஸிடம் சொல்லியிருக்கிறார். பெரிய கோர்ட்டில் அது உதவியது என்றார் மெர்லின். அந்த மனிதரைப் பார்த்துத்தான் அன்றைக்கு இவள், “எறங்குய்யா கீழ, ஒரு கொடம் தூக்கிப் பாரு, தெரியும்” என்று கத்தினாள்.

கத்தியபோது அதே பஸ்ஸில் ஜன்னல் ஓரமாகக் கௌசல்யா இருந்தாள். இங்கே வந்து மனம் ஒவ்வொரு தடவையும் நிற்கிறது, மேலே போக மாட்டேன் என்கிறது. ஜெயக்கொடியின் மகள். கைக்குழந்தையில் சீனிராஜ் தோளிலேயே கிடந்த பிள்ளை, மாமா மாமா என்று சிமெண்டுக் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளை. இவர்களுக்கு இல்லாத பிள்ளைக்கெல்லாம் சேர்த்து அவள் ஒருத்திதான். அரசாங்கப் பரீட்சை எழுதப் போகிறாள் என்பது இவர்களுக்குத் தெரியும், அது அன்றைக்குத்தான் என்பது மறந்துவிட்டது. தண்ணீர் இல்லாத வீட்டில் தேதி எங்கே ஞாபகம் இருக்கிறது. “அத்தை, வழிவிடச் சொல்லுங்க அத்தை, கேட்ட மூடிருவாங்க” என்று கையை வெளியே நீட்டிக் கூப்பிட்டது. “இந்தா இப்ப விட்டுருவாங்கடா கண்ணு” என்றாள் இவள். பொய் இல்லை. அப்படித்தான் நம்பினாள். பிள்ளை இறங்கி ஓடியது. ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்தின் கேட்டைச் சாத்திவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம், சீனிராஜ் ஸ்டேஷனில் இருக்கிறார் என்ற செய்தி போய்ச் சேர்வதற்கு முன்னால், ஜெயக்கொடியின் போன் வந்தது. “ஒங்க தெருவுக்குத் தண்ணி வந்துருச்சா மதினி? எம்பிள்ளைக்கு ஒரு வருசம் போயிருச்சு.” வைத்துவிட்டாள். மறுநாள் தண்ணீர் வந்தது. தெருவே ஓடிவந்து பிடித்தது. தவமணியும் குடத்தை வைத்தாள், வைக்காமல் என்ன செய்வது. குடம் நிறைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, இந்தத் தண்ணீரை யார் கொடுத்தது என்று ஒரு நினைப்பு வந்தது. உள்ளே இருக்கிற ஒரு மனிதரும், கேட்டுக்கு வெளியே நின்று அழுத ஒரு பிள்ளையும். அந்த இரண்டு பேருக்கும் உரியவள் ஜெயக்கொடி. அவளிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவள் வராமல் இருந்தால் நியாயம். வராவிட்டாலும் கோபப்படக்கூடாது என்று தவமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கேட்டைப் பார்த்தாள். நீல நிறச் சேலை ஒன்று உள்ளே வந்தது. அவள் இல்லை. சைக்கிளில் ஒரு பெண். அவளும் இல்லை. திங்கள்கிழமை வரைக்கும் என்றால் இரண்டு ராத்திரி கூடுதல். இரண்டு என்ன, மூன்று. மாத்திரை கொடுக்கிறார்களா. வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தால் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். ஊருக்கெல்லாம் தரை போட்டுக் கொடுத்தவர்.

உள்ளே மணி அடித்தது. வேப்பமரத்தடி எழுந்து நின்றது. டவாலி வாசலுக்கு வந்து யாரையோ கூப்பிட்டார். மெர்லின் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டே வேகமாக வந்து, “வந்தாச்சா?” என்று கேட்டார். தவமணி தலையை ஆட்டினாள். இல்லை என்கிற ஆட்டல். “கடைசியா கூப்பிடச் சொல்லிப் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். சவரிமுத்து அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டு எழுந்து, “மனசத் தளர விடாத” என்றார். அப்படிச் சொன்னால் அவரும் தளர்ந்துவிட்டார் என்று அர்த்தம். உள்ளே ஒவ்வொரு பெயராகக் குறைந்துகொண்டிருந்தது. கூப்பிட்டவர்கள் உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள், ஒருவன் சிரித்துக்கொண்டு வந்தான், ஒரு அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தவமணி அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு குரல் கேட்டது. “எங்க நிக்கணும்?” தவமணியிடம் கேட்கவில்லை. சவரிமுத்து அண்ணனிடம் கேட்டாள். ஜெயக்கொடி. முகம் வேர்த்திருந்தது, கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் ரேஷன் கார்டும் ஆதார் அட்டையும் துருத்திக்கொண்டு தெரிந்தன. “பஸ்ஸு பாதி வழில நின்னுபோச்சு” என்றாள், அதையும் அவரிடமே. “எந்தத் தெருக்காரங்க மறிச்சாங்க?” என்றார் சவரிமுத்து அண்ணன், வாய் சும்மா இருக்காமல். தவமணிக்கு உயிர் போய்விட்டது. ஜெயக்கொடி அவரை ஒரு பார்வை பார்த்தாள். “டயரு பஞ்சரு” என்றாள்.

கூப்பிட்டார்கள். கதவருகே நின்று தவமணி பார்த்தாள். சவரிமுத்து அண்ணனைக் கேட்டு முடித்துவிட்டு நீதிபதி ஜெயக்கொடி பக்கம் திரும்பினார். எதிரி உங்களுக்கு என்ன உறவு என்றார். “அண்ணன்மா. கூடப்பொறந்த அண்ணன்.” எதிரி வாய்தாவுக்கு வராமல் போனால் நீங்கள்தான் பொறுப்பு, தெரியுமா என்றார். “தெரியும்மா.” “யாரும் உங்கள வற்புறுத்தினாங்களா?” ஜெயக்கொடி முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைத்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் தவமணிக்கு முறத்தின் சத்தம் காதில் கேட்டது. “வற்புறுத்தலம்மா. வாசல்ல வந்து நின்னாங்க” என்றாள். நீதிபதி பேனாவை எடுத்துவிட்டார், எடுத்தவர் சும்மா கேட்பதுபோல, “அண்ணன்கூடத் தொடர்புல இருக்கீங்கல்ல?” என்றார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. “பேச்சு இல்லம்மா” என்றாள் ஜெயக்கொடி. பேனா நின்றது. மெர்லின் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். “பேச்சு இல்லாதவருக்கு நீங்க எப்படி ஜாமீன் நிப்பீங்க? நாளைக்கு ஓடிட்டா உங்களுக்கு எப்படித் தெரியும்?” தவமணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். போச்சு. உண்மை பேசுகிறவளைக் கூட்டிவந்து கெடுத்தோம். ஜெயக்கொடி பையைக் கை மாற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். “பேச்சு இல்லன்னா அண்ணன் இல்லைன்னு ஆயிருமாம்மா? அவருமேல எனக்கு இருக்குற கோவம் ஆயுசுக்கும் இருக்கும். அது எங்க வீட்டு வழக்கு. ஆனா ஓட மாட்டாரு. ஓடத் தெரிஞ்ச ஆளா இருந்தா மண்டபத்துல அத்தனை பேரும் குத்தவச்சு உக்காந்திருக்கும்போது இவரு மட்டும் எந்திரிச்சு நான்தான்னு சொல்லிருப்பாராம்மா?” கோர்ட்டில் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.  நீதிபதி குனிந்து எழுதினார். எழுதுகிற சத்தம் அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. தவமணிக்குக் கேட்டது.

வெளியே வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆர்டரை எடுத்துக்கொண்டு தானே ஜெயிலுக்குப் போவதாகவும், லாக்கப் சாத்துவதற்குள் கொடுத்துவிட்டால் இன்றைக்கே ஆள் வெளியே என்றும், இனி தினமும் காலையில் டவுன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், ஒருநாள் தவறினாலும் ஜாமீன் ரத்தாகும் என்றும் மெர்லின் சொன்னார். தவமணி அவரைக் கும்பிட்டு நன்றி என்றாள். கதவருகே நின்ற டவாலியிடமும் நன்றி என்றாள், அவர் என்னத்துக்கு என்று தெரியாமல் தலையை ஆட்டினார். சவரிமுத்து அண்ணனிடம் நன்றி சொன்னதற்கு, “போம்மா, போய் டீயச் சொல்லு” என்றார். பிறகு அவள் ஜெயக்கொடியின் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளாக யார் யாரிடமோ தண்ணீர்போல வந்துகொண்டிருந்த அந்த வார்த்தை வரவில்லை. வீட்டு மனுஷிக்கு அதைச் சொன்னால் அவளை வெளியே நிறுத்தியதாக ஆகிவிடும். சொல்லாவிட்டாலோ நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. காலில் விழலாமா. தன்னைவிடச் சின்னவள். “கௌசல்யா…” என்று மட்டும் வந்தது. “படிக்கிறா. அழுதுக்கிட்டே படிக்கிறா” என்றாள் ஜெயக்கொடி, முதல்தடவையாக இவள் முகத்தைப் பார்த்து. “சாப்பிட்டியா?” என்றாள் தவமணி. “நீங்க சாப்புடலன்னு மூஞ்சியே சொல்லுது, இதுல என்னயக் கேக்கீங்களாக்கும்” என்று சொல்லிவிட்டு ஜெயக்கொடி படியிறங்கிக் கேட்டைப் பார்த்து நடந்தாள். ஊருக்குப் போகிற பஸ் நிற்கிற பக்கம் திரும்பாமல், ஜெயில் இருக்கிற பக்கம் திரும்பினாள். தவமணி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி, “அந்தப் பக்கம் எங்க போற? ஒனக்கு நேரமாகலையா?” என்றாள்.

“கையெழுத்துப் போட்டுருக்கேன்ல மதினி. ஆளு முழுசா இருக்காரான்னு பாக்காமயா போவாக?” என்றாள் ஜெயக்கொடி, நடையை நிறுத்தாமல். “பேச மாட்டேன். பாத்துட்டுப் போயிருவேன்.”

 தவமணி எட்டி நடந்து அவள் கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கினாள். அவள் கொடுத்தாள்.